இரண்டு ஜோடி இறக்கை

13-3-95, திங்கள்

காலை எட்டு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. எங்கள் தங்கா பத்து ஊர்க் கடல் சாம்பார்த் தட்டு மாதிரி அசையாமல் கிடந்தது. அலையே இல்லை. அலை இல்லாத கடலில் அலை உண்டாக்கித் தர வேண்டும் என்பது இந்த வாரம் எனக்கு வந்த உத்தரவு.

கிரேக் என்று ஓர் ஆஸ்திரேலியக்காரர் நான் மெக்கானிக்காக இருக்கும் சாலேயில், அந்தக் கடலோர விடுதியில், தங்கியிருக்கிறார். படகுக்குப் பின்னால் கயிறு பிடித்துச் சறுக்குவதெல்லாம் அவருக்குப் பழைய கதை. படகின் பின்பக்கம் கனம் ஏற்றிப் பாதி அமிழ்த்த வேண்டுமாம். அப்படியே மெதுவாக ஓட்ட வேண்டுமாம். பின்னால் ஓர் அலை எழும்பிக் கூடவே வருமாம். அதில் பலகை போட்டு நின்று, கயிற்றையும் கைவிட்டுவிட்டு வருவாராம். சனிக்கிழமை கூட்டாளிகள் எட்டுப் பேரைக் கூட்டி வருகிறார். பிடித்தால் சீசன் முழுக்க நம்மிடம்தான்.

வேகத்துக்கென்று வாங்கிய படகு. அதை அமிழ்த்தி மெதுவாக ஓட்டச் சொல்கிறார்கள். சரி, காசு கொடுப்பவர் கடலைத் தலைகீழாக்கச் சொன்னாலும் ஸ்பானர் எடுக்க வேண்டியதுதான்.

நான்கு நீல டிரம்மில் தண்ணீர் நிரப்பிப் பின்னால் வைத்து ஓட்டிப் பார்த்தோம். மூக்கு வானத்தைப் பார்த்தது. எஞ்சின் முக்கியது, முனகியது, கறுப்பாகப் புகை விட்டது. படகு நகரவே இல்லை. ஓட்டுவது பாக் ஹமிட், செர்காம் ஊர்க்காரர், அறுபது வயது, பழைய மீனவர். "சேத்துல படுத்த எருமை" என்று மலாயில் சொன்னார். அவர் அதற்கு மேல் பேச மாட்டார்.

தவுக்கே, சாலேயின் சீன முதலாளி, கரையில் நின்று பார்த்தார். இறங்கியதும் என் தோளில் கை.

"கணேசன். சனிக்கிழமை போட் நாயிக், யூ நாயிக். போட் தா நாயிக், யூ பாலிக்."

அதாவது, படகு எழும்பினால் எனக்கு வேலை நிரந்தரம். எழும்பாவிட்டால் வீட்டுக்கு. என் ஆறு மாதத் தவணையும் அன்றைக்குத்தான் முடிகிறது. ஞாபகம் வைத்திருக்கிறார், மனுஷர்.

வீட்டுக்கு வந்தால் டிவி மேல் அந்தப் போராங் அப்படியே இருக்கிறது. புக்கிட் ரம்பாய் தொழிற்சாலைக்கான வேலை விண்ணப்பம். லெட்சுமியின் அண்ணன், ராஜு மச்சான், மூன்று வாரத்துக்கு முன் கொண்டுவந்து வைத்தது. அங்கே அவர் லைன் லீடர். "நெரப்பிக் குடுங்க மாப்ளே, நான் பாத்துக்கறேன்."

அவர் நல்லவர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பேன். கல்யாண வீட்டில் என்னை அறிமுகப்படுத்தும் விதம் இதுதான்: "என் தங்கச்சி வீட்டுக்காரரு. பாவம், எஸ்டேட்ட மூடிட்டாங்க." அந்தப் 'பாவம்' எனக்கு இரண்டு நாள் சோறு இறங்காமல் செய்யும். பதினெட்டு வருஷம் எஸ்டேட் பட்டறையில் டிராக்டர் பார்த்தவன் நான். அவர் லைனில் நின்று தினமும் அந்தப் பாவத்தைக் காதால் கேட்க என்னால் ஆகாது.

இரவுச் சாப்பாடு: சுறாப் புட்டு. நன்றாக இருந்தது. சொல்ல மறந்துவிட்டேன்.


14-3-95, செவ்வாய்

மப்பும் மந்தாரமும். பத்து மணிக்கு ஒரு தூறல். படகை டிரெய்லரில் ஏற்றிக் கொட்டகைக்குள் இழுத்தாயிற்று.

நோய் என்னவென்று எனக்குத் தெரியும். படகுக்கு கியர் ஒன்றுதான், அது புரொப்பெல்லர். இப்போது இருப்பது மூன்று இறக்கை, 13க்கு 13. முதல் எண் அகலம். இரண்டாவது எண், ஒரு சுற்றுக்கு எத்தனை அங்குலம் முன்னே தள்ள வேண்டும் என்ற கணக்கு. பதின்மூன்று என்பது நாலாவது கியர் மாதிரி. லோடு லாரியை மேட்டில் நாலாவது கியரில் கிளப்பினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று. சின்ன எண் வேண்டும். இறக்கையும் கூடுதலாக வேண்டும்.

முதலில் இருப்பதைக் கழற்ற வேண்டும்.

ஷாஃப்டின் முனை கூம்பு. புரொப்பெல்லர் அதில் நான்கு வருஷமாக உப்புத் தண்ணீரில் இறுகி உட்கார்ந்திருக்கிறது. பாக் ஹமிட் எட்டிப் பார்த்து, "நட்ட முழுசா எடுக்காத. ரெண்டு சுத்து விட்டு வை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எத்தனை டிராக்டர் சக்கரம் கழற்றியவனிடம் மீன்பிடிக்கிறவர் வகுப்பு எடுக்கிறார். நட்டை முழுசாக எடுத்தேன். எடுத்து அவர் பார்க்கிற மாதிரி டிரேயில் டங்கென்று போட்டேன்.

இறுகியதை இழுத்துக் கழற்றும் புல்லர், எஸ்டேட் பட்டறையின் பழையது, அதை மாட்டி முறுக்கினேன். வரவில்லை. இன்னும் முறுக்கினேன். வரவில்லை. சுத்தியலை எடுத்தேன். பாக் ஹமிட் ஒரு பார்வை பார்த்தார். சுத்தியலை வைத்துவிட்டேன். இன்னும் அரைச் சுற்று. வரவில்லை. சரி, தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம் என்று போனோம்.

இரண்டாவது மடக்கு உள்ளே போகிறது. கொட்டகையில் டமார்.

வெடிதான் என்று நினைத்தேன். தவுக்கேயின் நாய் கடல் வரைக்கும் ஓடிவிட்டது. போய்ப் பார்த்தால் புரொப்பெல்லரும் புல்லருமாகச் சேர்ந்து தானாகக் கழன்று, பறந்து, தரையில் ஒரு குதி குதித்து, சீனப் பெருநாளுக்குத் தவுக்கே வாங்கி வைத்த எலுமிச்சைத் தொட்டியை உடைத்துவிட்டு அதன் மண்ணிலேயே படுத்திருக்கிறது. குட்டி எலுமிச்சைகள் எங்கும் சிதறல். நட்டு மட்டும் டிரேயில் பத்திரமாக இருந்தது.

பாக் ஹமிட் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் திருப்பி ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் விளக்குமாறு எடுத்துவந்து கூட்டினார்.

செடியை வேறு தொட்டிக்கு மாற்றினோம். பழங்களில் பாதியைச் செடியடியில் தூவிவைத்தோம், தானாக உதிர்ந்த மாதிரி. ஒரு நாலைந்து என் சட்டைப் பையில்.

மாலையில் வீட்டில், இறக்கையின் உருவத்தை வரைந்து எடுக்கப் பெரிய தாள் தேவைப்பட்டது. தேடினேன். டிவி மேல் இருந்தது. பின்பக்கம் சுத்த வெள்ளை.

மூன்று இறக்கையும் கிரீஸ் கறையோடு நன்றாக விழுந்தன.


15-3-95, புதன்

வெயில். கழுத்தில் வேர்க்குரு.

வாங்க வேண்டியவை:
கிரீஸ்
பூட்டு ஊசி 2
மணல் காகிதம்
லெட்சுமிக்கு இட்லித் துணி (மூன்றாவது தடவை எழுதுகிறேன்)
புரொப்பெல்லர்

பட்டணத்தில் ஆற்றோரம் ஒரு படகுச் சாமான் கடை. போராங்கை விரித்துப் பின்பக்கத்தைக் காட்டினேன். கடைக்காரர் முன்பக்கத்தைப் படித்துவிட்டு, "வேலை தேடுறிங்களா அண்ணே?" என்று கேட்டார். "திருப்புங்க" என்றேன்.

இருப்பது இரண்டு. ஒன்று, மூன்று இறக்கை, 13க்கு 12. ஏற்கெனவே இருப்பதற்குப் பங்காளி. இன்னொன்று, நான்கு இறக்கை, 13க்கு 10, வெண்கலம், பார்க்கும்போதே எச்சில் ஊறியது. நான்கு இறக்கை தண்ணீரை அதிகம் பிடிக்கும். மெதுவான ஓட்டத்தில் கனத்தை இழுக்கும். இதுதான். சந்தேகமே இல்லை. இரண்டையும் மாதிரிக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

தவுக்கே இரண்டையும் மேசை மேல் வைத்துப் பார்த்தார். நான்கை விரலால் எண்ணினார். மறுபடியும் எண்ணினார். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

"போர்? நோ லா கணேசன். போர் நோ குட். கல்யாணத்துக்குக்கூட நாலு டேபிள் போட மாட்டோம். த்ரீ புட்."

"பாஸ், த்ரீ நோ பவர்."

"பைவ் இல்லையா?"

"கடையில இல்ல பாஸ்."

"சிக்ஸ்?"

ஆறு இறக்கை கப்பலுக்குத்தான் இருக்கும். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து போய்விட்டார். படித்த மனுஷர், கார் வைத்திருக்கிறார், கம்ப்யூட்டர் வைத்திருக்கிறார், சீனத்தில் 'நாலு' சாவு மாதிரி ஒலிக்குமாம், அந்த எண்ணைக் கண்டால் பயம். எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம்.

மதியம் வீட்டுக்கு வந்து லெட்சுமியிடம் சொன்னேன். அவளுக்குத் தவுக்கே மேல் கோபம் வந்தது, ஆனால் வேறு காரணத்துக்கு.

"மூணா? மூணு பேரா ஒரு காரியத்துக்குப் போனாலே உருப்படாதும்பாங்க. மூணு றெக்கைய மாட்டச் சொல்றாரே, அந்த மனுசனுக்கு நல்லது கெட்டது தெரியாது?"

ராஜு மச்சான் வேலைக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தார். அவர் ஏறி உட்கார்ந்தால் மோட்டார் சைக்கிளின் பின் டயர் பப்படம். "எங்க பேக்டரி பேனுக்கெல்லாம் அஞ்சு றெக்க மாப்ளே. காத்து அப்புடி வரும். போராங் நெரப்பிட்டிங்களா?"

"ஒரு பக்கம் முடிஞ்சுது மச்சான்."

பொய் இல்லை.

மூன்று ஆகாது, நான்கு ஆகாது, ஐந்து கிடையாது. என் வாழ்க்கை ஒரு பக்கம் தொங்குகிறது, இவர்கள் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள்.

சாயந்திரம் திரும்பப் போனேன். வழியில் யோசனை வந்தது. நான்கு இறக்கையை மேசையில் குறுக்காகத் திருப்பி வைத்தேன். எதிரெதிர் இறக்கை இரண்டைக் காட்டினேன். "பாஸ், இது ஒரு ஜோடி." மற்ற இரண்டைக் காட்டினேன். "இது இன்னொரு ஜோடி. இது போர் இல்ல. டூ பேர்."

தவுக்கே ரொம்ப நேரம் பார்த்தார். ஒரு ஜோடியைத் தொட்டார். அடுத்ததைத் தொட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"டூ பேர்! வெடிங் மாதிரி! வை நெவர் சே?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தேன். மனிதர்களுக்குத்தான் எத்தனை மூடநம்பிக்கை.


16-3-95, வியாழன்

காலையில் காற்று. மதியம் மழை. கொட்டகைத் தகரம் அதிர்ந்ததில் பாக் ஹமிட் தூங்கினார், எப்படி என்று தெரியவில்லை.

மாட்டியாயிற்று. கூம்பைத் துடைத்தேன், மணல் காகிதம் போட்டேன், புரொப்பெல்லரை வெறும் கையால் ஏற்றிப் பார்த்தேன், அளவாக உட்கார்ந்தது. இறக்கைக்கும் படகுக்கும் நடுவே மரக்கட்டை கொடுத்து நட்டை முறுக்கினேன். பூட்டு ஊசி. ஒரு இறக்கையைத் தட்டினேன். கோயில் மணி மாதிரி ஒரு சத்தம். ரொம்ப நேரம் நின்றது. பாக் ஹமிட் விழித்து, "பாகுஸ்" என்றார். அவர் வாயிலிருந்து 'நல்லது' வர ஆறு மாதம் ஆகியிருக்கிறது.

மனசு சந்தோஷமாக இருந்தது. அதனால் பயம் வந்தது. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

எஸ்டேட்டில் புதுசாக ஒரு பாகம் மாட்டினால் டிராக்டரின் முன் பம்பரில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்துக் கட்டாமல் நான் கிளப்பியதே இல்லை. கண் படக்கூடாது. மூன்று நாளாகத் தவுக்கே பார்த்திருக்கிறார், கிரேக் பார்த்திருக்கிறார், பக்கத்து சாலேக்காரன் வேலி மேல் ஏறி நின்று பார்த்திருக்கிறான்.

படகுக்கு பம்பர் இல்லை. முன்மூக்கில் கட்டினால் எல்லோரும் கேட்பார்கள். யோசித்தேன். கண் படுவது எங்கே? வேலை செய்கிற இடத்தில்தான். ஷாஃப்டைத் தாங்கிப் பிடிக்கும் பித்தளைக் கை ஒன்று இருக்கிறது, புரொப்பெல்லரை ஒட்டி முன்னால். அதில் கட்டினால் யார் கண்ணிலும் படாது.

பழம், செவ்வாய்க்கிழமை பையில் போட்டது. மிளகாய், வீட்டிலிருந்து ஏழு. பருத்தி நூல் உப்புத் தண்ணீரில் இற்றுப்போகும் என்று பாக் ஹமிட்டின் தங்சி என்னும் தூண்டில் நரம்பை எடுத்துக் கோத்தேன். அவர் அதில்தான் சுறா பிடிப்பார். அறுந்துவிடக் கூடாது என்று நாலு முடிச்சு போட்டேன்.

இரண்டு விரலால் கன்னத்தில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன்.

இட்லித் துணி மறுபடியும் மறந்துவிட்டது.


17-3-95, வெள்ளி

இன்றைக்கு எழுதுவதை யாரும் பார்க்கக்கூடாது. லெட்சுமி, நீ படித்தால் படித்ததாகக் காட்டிக்கொள்ளாதே.

காலை, வெயில், தட்டுக் கடல். நான்கு டிரம்மும் ஏற்றிப் படகைத் தண்ணீரில் இறக்கினோம். எஞ்சின் உடனே ஏறியது. மூக்கு கொஞ்சம் தூக்கியது, பிறகு தணிந்தது. பின்னால் தண்ணீர் மடிந்து எழும்பத் தொடங்கியது. நான் பாக் ஹமிட்டின் முதுகில் அடித்தேன். அடித்த கையை எடுப்பதற்குள் படகு நடுங்க ஆரம்பித்துவிட்டது.

முதலில் மெல்ல. பிறகு தரை நடுங்கியது. இருக்கை நடுங்கியது. பாக் ஹமிட்டின் பல் செட் சத்தம் போட்டது. கோப்பித் தெர்மாஸ் உருண்டு விழுந்தது. எஞ்சினை அணைத்து, இரண்டு கட்டையால் துழாவிக்கொண்டு கரைக்கு வந்தோம்.

தவுக்கே கரையில். நான்கு விரலைக் காட்டினார். பிறகு போய்விட்டார்.

உள்ளதை எழுதிவிடுகிறேன்: கொட்டகைக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். நாற்பத்து நாலு வயசு. நாலு இறக்கைதான் சரி என்று அடித்துச் சொன்னவன். இனி மச்சானின் லைன், மச்சானின் தொப்பி, மச்சானின் பாவம். போராங்கின் பின்பக்கத்தை எதை வைத்து அழிப்பது என்றுகூட யோசித்துவிட்டேன்.

அப்புறம் மூக்கைச் சிந்திவிட்டு, டிரெய்லரில் ஏற்றிக் கொட்டகைக்குள் இழுத்திருந்த படகுக்கு அடியில் ஊர்ந்து போனேன். டார்ச் இல்லை, இருட்டில் தடவிப் பார்த்தேன். இறக்கை நான்கும் நேராக இருந்தன. நட்டு இறுக்கமாக இருந்தது. ஊசி இருந்தது. வியர்வை வழிந்தது, கண்ணைத் துடைத்தேன்.

ஐயோ.

கண் எரிந்த எரிச்சலில் எழுந்து தலையைப் படகில் இடித்துக்கொண்டேன். கத்தினேன். தண்ணீர் ஊற்றினேன். இன்னும் எரிந்தது. பச்சை மிளகாய் எரிச்சல். படகுக்கு அடியில் ஏது மிளகாய் என்று ஒரு நிமிஷம் நினைத்தேன் பாருங்கள்.

டார்ச் கொண்டுவந்து பார்த்தேன். தங்சி நரம்பு முழுக்க ஷாஃப்டில் சுற்றி, புரொப்பெல்லருக்கும் பித்தளைக் கைக்கும் நடுவே புகுந்து, சூட்டில் உருகி, வளையம் மாதிரி இறுகியிருந்தது. நடுவில் எலுமிச்சைத் தோல். மிளகாய் விதை. என் நாலு முடிச்சும் அவிழவே இல்லை.

மூடநம்பிக்கை பற்றிப் புதன்கிழமை எழுதியதை அடிக்கலாமா என்று பார்த்தேன். இருக்கட்டும். எனக்கு நன்றாக வேண்டும்.

புரொப்பெல்லரை மறுபடியும் கழற்ற வேண்டும். நட்டைத் திருகினேன். இரண்டு சுற்று விட்டு நிறுத்தினேன். யாரும் சொல்லாமல். புல்லரை முறுக்கினேன், டமார், நட்டில் இடித்து அங்கேயே நின்றது. ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அடடா, எவ்வளவு சுலபம்.

நரம்பைக் கத்தியால் சுரண்டி எடுத்தேன். உள்ளேயிருந்த ரப்பர் புஷ்ஷில் இரண்டு கீறல் இருந்தது, ஓடும். தரையில் மிளகாய் விதைகளை வாரும்போது பாக் ஹமிட் வாசலில் நிற்கிறார். விதையைப் பார்த்தார். என் சிவந்த கண்ணைப் பார்த்தார். தன் தங்சிச் சுருளைப் பார்த்தார்.

"மீனு மொளகா சம்பல் சாப்பிட்டுச்சா?" என்றார். பிறகு போய் விளக்குமாறு எடுத்துவந்தார்.

திரும்ப மாட்டினேன். ஓட்டிப் பார்க்க நேரமில்லை, கடல் வற்றிவிட்டது. நாளைக்கு நேராக எல்லோர் முன்னாலும்தான்.

வீட்டில் லெட்சுமி: "ரசத்துக்கு வச்சிருந்த மொளகா எங்கங்க?"

தெரியாது என்றேன். கண்ணைப் பார்த்தாள். "அழுதிங்களா?" தெரியாது என்றேன்.


18-3-95, சனி

ஏழு மணி. காற்றில்லை. சாமி கும்பிட்டேன், வீட்டிலேயே. எதையும் எதிலும் கட்டவில்லை.

ஒன்பதுக்கு கிரேக், எட்டுக் கூட்டாளிகள், பலகை, சூரியக் கண்ணாடி. தவுக்கே புதுச் சட்டை. இதெல்லாம் போதாதென்று ராஜு மச்சான் இரவு வேலை முடிந்து யூனிஃபார்மோடு, லைன் லீடர் பட்டையோடு நேராக வந்துவிட்டார்.

"போராங்க வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன் மாப்ளே. இன்னிக்கு மத்தியானத்தோட மூடுறாங்க. சீக்கிரம் குடுங்க, பாவம், நீங்களும் எத்தன நாளைக்கு இப்புடி..."

"இருங்க மச்சான், இத முடிச்சுட்டு வரேன்."

டிரம்மை ஏற்றும்போது ஒன்று படகின் விளிம்பில் இடித்துப் பிளந்தது. தண்ணீர் முழுக்க மணலில். அதுவும் முக்கியமான டிரம், பின் இடது மூலைக்கானது. அந்தப் பக்கம்தான் அலை எழும்ப வேண்டும். கிரேக் தலையில் கை வைத்தார். அந்த மூலைக்கு இன்னும் நூறு கிலோ வேண்டும் என்றார். மணல் மூட்டை? சாக்கு இல்லை. கல்? படகு கீறிவிடும்.

பாக் ஹமிட் மெதுவாகத் தலையைத் திருப்பி மச்சானைப் பார்த்தார். கிரேக் பார்த்தார். தவுக்கே பார்த்தார். எட்டுக் கூட்டாளிகளும் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, கடலைப் பார்த்தேன். மச்சான் மட்டும் பின்னால் திரும்பிப் பார்த்தார், அங்கே யாராவது நிற்கிறார்களா என்று.

"மாப்ளே, எனக்கு நீச்சல் தெரியாது."

"நீச்சல் அடிக்க வேணாம் மச்சான். உக்காந்தா போதும்."

"எங்க?"

"அந்த மூலையில."

"ஒக்காந்து?"

"ஒக்காந்துக்கிட்டே இருக்கணும். அசையக் கூடாது."

அவருடைய கனம் நூற்றுப் பதினைந்து கிலோ. அது அவர் ஒத்துக்கொண்டது. உயிர்காப்புச் சட்டை முன்னால் பூட்டவில்லை, கயிறு போட்டுக் கட்டினோம். லைன் லீடர் பட்டை மேலே தெரிந்தது. மூலையில் உட்கார்ந்ததும் படகு அந்தப் பக்கம் பணிவாகத் தலை சாய்த்தது. மச்சான் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு முருகா முருகா என்று ஆரம்பித்துவிட்டார். தங்கச்சிக்காக வந்தேன், தங்கச்சிக்காக வந்தேன் என்று நடுவில்.

நான் எஞ்சின் பக்கத்தில். காது முழுக்க ஷாஃப்டில்.

பாக் ஹமிட் கைப்பிடியைத் தள்ளினார். எஞ்சின் ஏறியது. முனகவில்லை, இழுத்தது. நாலு இறக்கையும் தண்ணீரைக் கடித்துக்கொண்டு தள்ளுவது காலடியில் தெரிந்தது. நடுக்கத்துக்காகக் காத்திருந்தேன். ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். தெர்மாஸ் நின்ற இடத்தில் நின்றது. பாக் ஹமிட்டின் பல்லும்.

பின்னால் பார்த்தேன். மச்சானுக்கு நேர் பின்னால் அலை. உயரமாக, வழுவழுவென்று, பச்சைக் கண்ணாடியாக எழும்பி எங்களோடு கூடவே வந்தது. கிரேக் அதன் மேல் நின்றார். சிரித்தார். கயிற்றைத் தூக்கிப் படகுக்குள் எறிந்தார்.

கயிறு மச்சானின் மடியில் விழுந்தது.

"அய்யய்யோ கவுத்த விட்டுட்டாரு! நிறுத்துங்க! மாப்ளே, வெள்ளக்காரரு கவுத்த விட்டுட்டாரு!"

"அதுக்குத்தான் மச்சான்!"

"எதுக்கு?"

விளக்கம் சொல்ல முடியவில்லை. எனக்குச் சிரிப்பு, பாக் ஹமிட்டுக்குச் சிரிப்பு. பத்து அடி தள்ளி, கயிறு இல்லாமல், காலில் ஒன்றும் கட்டாமல், ஒரு மனிதர் நின்றுகொண்டு வருகிறார். மச்சான் கொஞ்சம் கொஞ்சமாகக் கண்ணைத் திறந்து பார்த்தார். பிறகு வாயையும். "இந்த அலை... நான் ஒக்காந்துருக்கறதால வருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராக. மதியம் வரைக்கும் மச்சான் இறங்கவே இல்லை. நடுவில் ஒருவர் விழுந்ததற்கு, "கொஞ்சம் நகந்துட்டேன், என் தப்பு" என்று மன்னிப்புக் கேட்டார். தொழிற்சாலையில் மதியத்தோடு போராங் வாங்குவதை மூடிவிட்டார்கள். அது அவருக்கு ஞாபகமே இல்லை.

கரையில் கிரேக் மச்சானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். நாளைக்கும் வேண்டும், அடுத்த சனி ஞாயிறும் வேண்டும் என்றார், படகைச் சொன்னாரா மச்சானைச் சொன்னாரா தெரியவில்லை. தவுக்கே என்னிடம் வந்து இரண்டு விரலைக் காட்டினார். பிறகு இன்னும் இரண்டு. "டூ பேர். ஐ டோல் யூ." நீங்கள்தான் சொன்னீர்கள் பாஸ் என்றேன். "மண்டே ஆபீஸ் வா. லெட்டர் சைன் பண்ணு."

அப்போது மச்சான் அந்த எட்டு வெள்ளைக்காரர்களிடம் என்னைக் காட்டினார். "மை சிஸ்டர் ஹஸ்பண்ட். போட் மெக்கானிக். புரொப்பெல்லர் எல்லாம் ஹீ சூஸ்."

அடுத்த வார்த்தைக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அவ்வளவுதான் சொன்னார்.

கண்ணில் தண்ணீர். மிளகாய் இன்னும் போகவில்லை என்று பாக் ஹமிட்டிடம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

இட்லித் துணி வாங்கிவிட்டேன்.


19-3-95, ஞாயிறு

விடிந்தும் விடியாததுமாக மோட்டார் சைக்கிள் சத்தம். ராஜு மச்சான். அரைக்கால் சிலுவார், தோளில் துண்டு, கையில் புதுச் சிலிப்பர். "எத்தன மணிக்கு மாப்ளே போட்டு? ராத்திரி ரெண்டு தட்டு சோறு கூடச் சாப்ட்டேன், எதுக்கும் இருக்கட்டும்னு."

படகில் உட்காருகிறவர்களின் பெயர், அடையாள அட்டையின் ஐசி நம்பர், முகவரி எல்லாம் எழுதி வாங்கு என்று தவுக்கே நேற்றே சொல்லிவிட்டார். வீட்டில் தாள் தேடினேன். லெட்சுமிதான் டிவி மேலிருந்து எடுத்து நீட்டினாள். "இத நெரப்பிக் குடுங்கண்ணே. இவர் பாத்துக்குவாரு."

மச்சான் மேசையில் உட்கார்ந்து தொழிற்சாலையின் பெயரை அடித்துவிட்டு எழுத ஆரம்பித்தார். பெயர். பிறந்த தேதி. படிப்பு. முன் அனுபவம் என்ற இடத்தில் 'ஒரு நாள்' என்று எழுதினார். பிறகு பேனாவைக் கடித்தார்.

"மாப்ளே, இதுல எல்லாம் கேட்டுருக்கான். எடை எழுத எடமே இல்லியே?"

பின்பக்கம் திருப்பி, ஏதாவது ஓர் இறக்கைக்குள் எழுதச் சொன்னேன்.